வராந்தா நாற்காலி

வேலாயுதத்துக்கு வரிசையில் நிற்கத் தெரியும். தஞ்சோங் பகார் துறைமுகத்தில் இருபத்தேழு வருஷமாக அவர் பார்த்த முதல் வேலை அதுதான். மூட்டை தூக்குவதெல்லாம் அதற்கு அப்புறம்.

விடிந்தும் விடியாமலும் கிடங்கு வாசலில் போய் நிற்க வேண்டும். ஆள் பொறுக்கும் தண்டல் வருவான். முன்பக்கமாக ஒரு நடை, முதுகுப்பக்கமாக ஒரு நடை. தோளில் கை பட்டவனுக்கு அன்றைக்கு வேலை. படாதவன் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். ஆனால் தண்டல் தொடுவதற்கு முன்பே காரியம் முடிந்திருக்கும். மேல்மாடி ஜன்னலில் துரை கோப்பையும் கையுமாக நின்று பார்த்துக்கொண்டிருப்பார். பேசுகிறவன் யார், சிரிக்கிறவன் யார், காலை மாற்றி மாற்றி நிற்கிறவன் யார், எல்லாம் அவருக்கு மேலேயிருந்து தெரியும்.

ஒரே ஒரு தடவை வேலாயுதம் வரிசையை விட்டு விலகியிருக்கிறார். ஜப்பான்காரன் வருவதற்கு நாலு வருஷம் முன்னால். பக்கத்தில் நின்ற தங்கராஜு காய்ச்சலோடு வந்தவன், நின்ற வாக்கில் சரிந்துவிட்டான். வேலாயுதம் ஓடிப்போய் அவனைத் தூக்கி நிழலில் சாய்த்துவிட்டு, திரும்பி வந்து தன் இடத்தில் நின்றார். தண்டல் அவர் தோளைத் தாண்டிப் போனான். மறுநாளும் தாண்டினான். நாற்பது நாள் தாண்டினான். கேட்டதற்கு, இன்றைக்கு வரிசையை விட்டு நகர்கிறவன் நாளைக்குக் கொடி பிடிப்பான் என்று துரை சொன்னாராம். அந்த நாற்பது நாளுக்குள்தான் மங்களம் பிறந்தாள். ரத்தினம்மா பிள்ளை பெற்ற உடம்புக்குக் கஞ்சித் தண்ணீர் குடித்துக் கிடந்ததை வேலாயுதம் மறக்கவில்லை. அப்புறம் அவர் வரிசையில் நின்றால் தூணுக்கும் அவருக்கும் வித்தியாசம் இராது.

அந்த மங்களத்துக்குத்தான் இப்போது மருத்துவக் கல்லூரியிலிருந்து நேர்முகத்துக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்திருந்தது.

அவர்கள் இருந்தது ஒரு கடைவீட்டு மாடி. பலகை தடுத்த ஒரே அறை. கீழே சரக்குத்தோணி ஓட்டும் ஹொக்கியன் சீனக் குடும்பங்கள். மங்களம் அந்தப் படிக்கட்டில் தவழ்ந்து, அந்தப் பிள்ளைகளோடு சண்டை போட்டு வளர்ந்தவள். ஹொக்கியன் பேசினால் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறவன் சீனப் பெண் என்றுதான் சொல்வான். கீழ்வீட்டு ஆ சிம்முக்கு இருமல் புருஷன் ஒருத்தன். ஆஸ்பத்திரியில் கொடுக்கிற மருந்துப் புட்டியில் எழுதியிருப்பதை அவள் வாசிக்கத் தெரியாமல் மாடியைப் பார்த்துக் குரல் கொடுப்பாள். மங்களம் சோற்றுக் கையோடு கூட இறங்கி ஓடுவாள். காலையில் எத்தனை, ராத்திரி எத்தனை, குலுக்கிவிட்டுக் கொடு என்று அவள் சொல்ல, கீழே நாலு கிழவிகள் தலையாட்டுவார்கள். அவளை டாக்டர் என்று முதலில் கூப்பிட்டவர்கள் அவர்கள்தான். கேலியாகத்தான் கூப்பிட்டார்கள். அது எந்த நாளில் கேலியாக இல்லாமல் போனது என்று வேலாயுதத்துக்குத் தெரியாது. கல்லூரி விண்ணப்பத்தில் தெரிந்த மொழிகள் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் ஹொக்கியனையும் எழுது என்று அவர்தான் சொன்னார். இதெல்லாம் ஒரு படிப்பா என்று மங்களம் கூச்சப்பட்டாள். எழுது தாயி, இருக்கறத ஏன் மறைக்கணும் என்றார்.

கல்லூரியில் ஒலி முகம்மது என்று ஒரு பியூன் இருந்தார். அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தாலும் ஆபீசில் அவருக்குத் தம்பி என்றுதான் பேர். துரையும் தம்பி என்பார், நேற்றுக் கணக்கெழுத வந்த கிராணியும் தம்பி என்பான். தேக்காச் சந்தைப் பக்கம் வேலாயுதத்தின் பழைய சிநேகிதம். கடிதம் வந்த ஞாயிற்றுக்கிழமை வேலாயுதம் அவரைத் தேடிப் போனார். உள்ளே என்ன கேட்பார்கள் என்று தெரிந்துகொண்டு வரத்தான் போனார்.

ஒலி முகம்மது தேநீரை ஆற்றிக்கொண்டே சிரித்தார்.

"உள்ள கேக்குற கேள்விக்கு எல்லாப் பிள்ளைங்களும் படிச்சிட்டு வந்துருதுங்க அண்ணே. வெளிய உக்கார்றதுக்கு யாரும் படிச்சிட்டு வர்றதில்ல."

வராந்தாவில் பன்னிரண்டு நாற்காலி, எதிரே ஒரு கண்ணாடிக் கதவு. கதவுக்குப் பின்னால் தட்டச்சு அடிக்கிற மிஸ்ஸி இருப்பாள், டாக்டர்மார் போவார்கள் வருவார்கள், அவர்களுக்கும் கண் இருக்கிறது லா என்று அந்த ஊர்ப் பேச்சில் இழுத்தார். அவர் சொன்னது அவ்வளவுதான். எதைப் பார்க்கிறார்கள் என்று வேலாயுதம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவருக்கு அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது. கண்ணாடிக் கதவு என்றால் மேல்மாடி ஜன்னல். இதைப் போய் ஒருத்தர் அவருக்குச் சொல்லித் தரவேண்டுமா?

ஒரு வாரம் மங்களத்தை நாற்காலியில் உட்கார வைத்துப் பழக்கினார். முதுகு சாயக்கூடாது. கை மடியில் இருக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர் பேசினால் ஒரு வார்த்தை, அதற்கு மேல் வேண்டாம். உன் பேர் கூப்பிடும் வரைக்கும் எது நடந்தாலும் எழுந்திருக்காதே. மங்களம் சிரித்துக்கொண்டே, "கூரை விழுந்தா?" என்று கேட்டாள். "விழட்டும்" என்றார் அவர்.

நேர்முகத்தன்று அப்பாவும் மகளும் நடந்தேதான் போனார்கள். தஞ்சோங் பகாரிலிருந்து அரை மணி நேர நடை. சேலை கசங்கக் கூடாது என்று பஸ் வேண்டாமென்றாள் ரத்தினம்மா. சிராங்கூன் ரோட்டில் எடுத்த வெள்ளைச் சேலை, நீலக்கரை. வேலாயுதம் சலவைச் சட்டை போட்டிருந்தார். கழுத்துப்பட்டை மூட்டைத் தழும்பில் உரசிக்கொண்டே வந்தது.

வராந்தாவில் ஒன்பது பத்துப் பேர் ஏற்கெனவே இருந்தார்கள். ஒலி முகம்மது கண்ணால் மட்டும் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, கடைசியிலிருந்து இரண்டாவது நாற்காலியைக் காட்டினார். மங்களம் உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டி வேலாயுதத்தையும் உட்காரச் சொன்னார். வேலாயுதம் அவள் பக்கத்துத் தூணை ஒட்டி நின்றுகொண்டார். இன்னொரு தரம் சொன்னபோதும் நின்றார்.

ஒவ்வொருத்தனையும் அவர் தண்டல் கண்ணால் பார்த்தார். ஒரு சீனப் பையன் புத்தகத்தை மூஞ்சிக்கு நேரே பிடித்துக்கொண்டு எலும்புப் பேர்களை முணுமுணுத்துக்கொண்டிருந்தான். இன்னொருவன் இரவல் டை கட்டியிருந்தான். அதை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தான். உள்ளே போய் வந்த ஒருவனைச் சுற்றி நாலு பேர் மொய்த்து என்ன கேட்டார்கள் என்றார்கள். அவன் ஒன்றுமே கேட்கவில்லை, கிரிக்கெட் பற்றித்தான் பேசினோம் என்றான். பொய் என்று அவன் வியர்வையே சொன்னது. ஒரு பணக்கார வீட்டுப் பிள்ளை ஒலி முகம்மதைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி விரலைச் சொடுக்கினான். கடிதத்தை வீட்டில் மறந்துவிட்டு வந்த ஒரு பெண், அதே ஒலி முகம்மதிடம் கெஞ்சுகிற மாதிரி ஏதோ கேட்டுவிட்டு அழத் தொடங்கினாள்.

இதில் மோசம் நடராசா என்ற பையன். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. அழுத பெண்ணுக்குக் கைக்குட்டை கொடுத்தான், இரவல் டைக்காரனுக்கு முடிச்சுப் போட்டுக் கொடுத்தான், ஒலி முகம்மதிடம் உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்தான். இவன் தேற மாட்டான் என்று வேலாயுதம் அப்போதே தீர்மானித்துவிட்டார். அவன் அப்பா குலசிங்கம், ஏதோ அரசாங்க ஆபீசில் தலைமைக் கிராணி, குடையை ஊன்றிக்கொண்டு வேலாயுதத்தின் பக்கம் வந்தார்.

"உம்மட மகளோ? நல்ல அடக்கமான பிள்ளை. என்ர ஆளைப் பாரும், சந்தைக்கு வந்தவன் மாதிரி."

உத்தியோகம் என்ன என்று கேட்டார். ஹார்பர் என்றார் வேலாயுதம். ஹார்பரில் ஆபீசோ என்றார் குலசிங்கம். இல்லை, கிடங்கு என்றார் வேலாயுதம். ஸ்டோர்கீப்பரோ என்று மேலும் கேட்பதற்குள் வேலாயுதம் மகள் பக்கம் திரும்பிக்கொண்டார். குலசிங்கத்துக்குப் புரிந்திருக்க வேண்டும். அப்படியும் முகத்தைச் சுளிக்காமல் நல்ல வெயில் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மங்களத்துக்கு முன்னால் இனி நடராசா மட்டும்தான் இருந்தான். அப்போதுதான் அந்தக் கிழவி வந்தாள்.

பக்கத்து ஆஸ்பத்திரியிலிருந்து வழி தப்பி வந்தவள் போலிருந்தது. கறுப்புக் கால்சட்டை, மரச்செருப்பு. கையில் மூடி போட்ட ஒரு சோற்று அடுக்கு. செருப்பைத் தட்டித் தட்டி வராந்தாவில் பாதி தூரம் வந்தவள், நாற்காலிகளைப் பார்த்து நின்று, பெருங்குரலில் ஹொக்கியனில் ஏதோ கேட்டாள். யாரும் பதில் சொல்லவில்லை. எலும்புப் பையன் புத்தகத்தை இன்னும் உயர்த்திக்கொண்டான். டைக்காரன் கண்டனீஸ் பேசுகிற வேறு சீனன் போலும், கையை விரித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். கிழவி மறுபடி கேட்டாள். இந்தத் தடவை குரல் உடைந்து வந்தது.

மங்களம் நாற்காலியிலிருந்து பாதி எழும்பிவிட்டாள்.

வேலாயுதம் கண்ணாடிக் கதவைப் பார்த்தார். கதவுக்குப் பின்னால் வெள்ளை அங்கி போட்ட ஒரு டாக்டரம்மா, கையில் காகிதக் கட்டோடு, அப்படியே நின்று இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். மேல்மாடி ஜன்னல். அவர் யோசிக்கவே இல்லை. ஓடுகிற கயிற்றைப் பிடிக்கிற பிடியாக மகளின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"உக்காரு" என்றார், உதடு அசையாமல்.

மங்களம் அவர் முகத்தைப் பார்த்தாள். அப்பா, அது என்று ஏதோ தொடங்கினாள். அவர் பிடியை இறுக்கினார். அவள் உட்கார்ந்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டாள். முதுகு சாயவில்லை.

எழுந்து போனவன் நடராசாதான். அவனுக்கு ஒரு சொல் ஹொக்கியன் தெரியாது. கையைக் காட்டி, தலையை ஆட்டி, கடைசியில் கிழவியின் தோளைச் சுற்றிக் கையைப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிப் பக்கம் நடத்திக்கொண்டு போனான். அடுத்த பேர் அவனுடையது. குலசிங்கம் குடையைத் தரையில் தட்டி, "டேய், உன்னைக் கூப்பிடப் போறாங்களடா" என்றார். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் பேரைக் கூப்பிட்டு ஆளில்லாமல், அடுத்தவளான மங்களத்தை உள்ளே அழைத்தார்கள்.

மற்றவர்கள் உள்ளே இருந்த நேரத்தில் பாதிகூட அவள் இருக்கவில்லை. வெளியே வந்தவளிடம் எப்படி என்று கேட்டார். "கேட்டாங்க, சொன்னேன்பா" என்றாள். திரும்பி வரும் வழியெல்லாம் வேலாயுதம்தான் பேசினார். எல்லாரையும் விட அவள்தான் ஒழுங்காக உட்கார்ந்திருந்தாள் என்றார். அந்த யாழ்ப்பாணத்துப் பையனை டாக்டரம்மா பார்த்துவிட்டாள், நானே கண்ணால் கண்டேன் என்றார். மங்களம் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே நடந்தாள்.

ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. மங்களம் வாசலிலேயே பிரித்துப் படித்தாள். மடித்து அகராதிக்குள் வைத்துவிட்டு, இல்லையாம் என்று ரத்தினம்மாவிடம் சொல்லிவிட்டு, அரிசி களைய உட்கார்ந்தாள். வேலாயுதம் பிறகு அந்தக் காகிதத்தை எடுத்துப் பார்த்தார். நாற்பது வயதுக்கு மேல் யூனியன் மாடியில் அவர் கற்றுக்கொண்டது தமிழ் எழுத்து மட்டும்தான். ஆங்கிலத்தில் நாலே வரி இருந்தது. நாலு வரிக்குள் எது "இல்லை" என்கிற சொல் என்று அவருக்குக் கண்டுபிடிக்க முடியவில்லை. பள்ளிக்கூடத்து சிஸ்டர் அடுத்த வருஷம் மறுபடி விண்ணப்பம் எழுதலாம் என்று சொல்லியனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் மறுபடி தேக்காவுக்குப் போனார். ஒலி முகம்மது அவரைப் பார்த்ததும் எழுந்து வேறு பக்கம் போகப் பார்த்தார். வேலாயுதம் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். கொஞ்ச நேரம் மழை, சாமான் விலை என்று இழுத்துவிட்டு ஒலி முகம்மது சொன்னார்.

மங்களம் உள்ளே இருந்தபோது தேநீர்த் தட்டோடு அவரும் உள்ளே இருந்தார். முதல் கேள்வி, இரண்டாம் கேள்வி எல்லாம் நன்றாகத்தான் சொன்னாள். பிறகு அந்த டாக்டரம்மா விண்ணப்பத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, உனக்கு ஹொக்கியன் தெரியும் என்று எழுதியிருக்கிறதே என்றாள். தெரியும் என்றாள் மங்களம். வெளியே அந்த அம்மாள் கேட்டது உனக்குப் புரிந்ததா? புரிந்தது. என்ன கேட்டாள்?

"அந்தப் பிள்ளை ஒண்ணையும் மறைக்கல அண்ணே. காலைல அந்தக் கிழவி மகன் தோணியிலேருந்து கல் மேல விழுந்துட்டானாம், தலைல அடியாம். எந்த வார்டுல போட்டிருக்காங்க, உசிரோட இருக்கானான்னு கேட்டுச்சாம். அதச் சொல்லிச்சு."

தோணியிலிருந்து விழுகிறவனை வேலாயுதத்துக்குத் தெரியும். எத்தனையோ பேரைத் தெரியும்.

"அப்ப ஏன் நீ எழுந்திருக்கலன்னு டாக்டரம்மா கேட்டுச்சு. புள்ள தன் மணிக்கட்டப் பாத்துச்சு. நான் தட்ட வச்சிட்டு நிக்கிறேன். அப்பா பிடிச்சிக்கிட்டாருன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். சொல்லல. என் முறை வர்ற நேரம், எனக்கு வேற ஒண்ணும் தோணலன்னிருச்சு."

"அதுக்கு அவங்க?"

"ஒண்ணும் கேக்கல. டீயக் குடிச்சாங்க."

அதனால்தான் கிடைக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன் என்றார் ஒலி முகம்மது. இடம் கொஞ்சம், ஆள் நிறைய. நடராசாவுக்குக் கிடைத்துவிட்டது என்பதையும், கேட்காமலே, கீழே பார்த்துக்கொண்டு சொன்னார். பிறகு கொஞ்சம் கோபமாகவே, பாக்குறாங்கன்னுதான் அண்ணே நான் சொன்னேன், கல்லு மாதிரி உக்காரச் சொல்லுன்னு நான் சொல்லலியே என்றார். வேலாயுதம் ஆமாம் பாய், நீங்க சொல்லல என்றார்.

வீட்டுக்கு வந்தபோது சாயங்கால வெயில் மாடி ஜன்னல் வழியாகப் பலகைத் தரையில் விழுந்திருந்தது. ரத்தினம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். மங்களம் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். வெள்ளைச் சேலையும் அதில் இருந்தது. வேலாயுதம் சட்டையைக் கழற்றாமல் வாசல் பக்கமே நின்றார்.

"ஏன் தாயி என் பேரச் சொல்லல?"

யார் சொன்னது என்று அவள் கேட்கவில்லை. சேலையின் ஓரங்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டே சொன்னாள்.

"சொல்லியிருந்தா உங்களக் கூப்பிட்டிருப்பாங்கப்பா. அஞ்சு பேரு அந்த மேசைக்குப் பின்னால. உக்காருங்கன்னு சொல்லியிருப்பாங்க. நீங்க உக்கார மாட்டீங்க. கையக் கட்டிக்கிட்டு நிப்பீங்க. அத நான் பாக்க வேணாம்னு நெனச்சேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். துணியின் மடிப்பு நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அடுத்த வருஷம்..." என்று தொடங்கினார்.

"அதே மேசதான்பா. அவங்களுக்கு என் மூஞ்சி ஞாபகம் இருக்கும்." கொஞ்சம் நிறுத்தி, "எனக்கும் இருக்கு" என்றாள்.

கீழேயிருந்து ஆ சிம்மின் குரல் படியேறி வந்தது. மங்களத்தின் பேரை அவள் நீட்டிக் கூப்பிடுகிற அதே ராகம். புருஷனுக்குப் புது மருந்து கொடுத்திருப்பார்கள் போலிருக்கிறது. வேலாயுதம் படி வழியை விட்டு ஒதுங்கி நின்றார், மகள் ஓடுவாள் என்று. மங்களம் அடுத்த துணியை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

ஆ சிம் இரண்டாம் தடவை கூப்பிட்டாள்.

"கூப்பிடுறாங்கம்மா" என்றார்.

"கேட்டுச்சு."

முதுகு சாயாமல், கை மடியில், அவர் பழக்கிய அதே மாதிரி உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் தடவை கூப்பிட்ட குரலில் அவசரம் இருந்தது. அதற்குள் கீழே அந்த ஆளின் இருமலும் தொடங்கிவிட்டது. மங்களம் எழவில்லை.

வேலாயுதம் இறங்கிப் போனார். படியடியில் நின்ற ஆ சிம் அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள், யாரும் வரவில்லை என்று கண்டு, புட்டியை அவர் கையிலேயே கொடுத்தாள். ஒட்டியிருந்த காகிதத்தில் ஆங்கிலத்தில் இரண்டு வரி. எத்தனை தரம், எவ்வளவு, குலுக்க வேண்டுமா, எல்லாம் அதில் இருந்தது. அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். ஆ சிம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.